பன்னெண்டு-பதிமூணு

சுவரில் துளை போட டிரில் பிட் வாங்க நேற்று எம்.கே.பி. நகர் போயிருந்தேன். கடைக்காரர் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்ததும் எழுந்த கிரீஸ் வாசனை, திருவொற்றியூரில் இன்று ரயில் பாலத்தின் தூண் நிற்கிற இடத்தில் இருந்த அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குள் என்னைத் தள்ளியது. கூடவே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும் வந்தது.

குறடும் திருப்புளியும் ஆணியில் தொங்கும். ஸ்பேனர்கள் மட்டும் தலைக்கு மேலிருந்த பலகையில், ஒரு முனை பன்னெண்டு, மறுமுனை பதிமூணு என்று அளவுவாரியாகத் தகர டப்பாக்களில் கிடக்கும். மணலி டேங்கர் லாரி மெக்கானிக் தேய்ந்த போல்ட்டை நீட்டினால், பக்கத்து டீக்கடைக்காரர் மகள் ஸ்டெல்லா, என்னோடு படித்தவள், டீ கொண்டுவருகிற சாக்கில் எங்கள் கடையிலேயே நிற்பவள், அதை விரலில் ஒருமுறை உருட்டிவிட்டு, அண்ணாந்துகூடப் பார்க்காமல் டப்பாவுக்குள் கைவிட்டுச் சரியான ஸ்பேனரை எடுத்துத் தருவாள். நானோ பொறித்திருக்கும் எண்ணைப் படித்துத்தான் எடுப்பேன். “ஏளா, நீ என் வீட்டுல பொறந்திருக்கணும்” என்பார் அப்பா, என் எதிரிலேயே.

பொறுக்காமல் ஒருநாள் பன்னெண்டு-பதிமூணு டப்பாவையும் பதினாலு-பதினஞ்சு டப்பாவையும் இடம் மாற்றி வைத்தேன். கைவிட்டவள் ஒரு நொடி நின்றாள். அடுத்த டப்பாவிலிருந்து சரியானதை எடுத்துக் கொடுத்துவிட்டு, “அண்ணாச்சி, டப்பா மாறிக் கீது” என்றாள். என்னைப் பார்த்தாள். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

என் கல்யாணத்துக்கு அப்பா நகை போட்டார். கடையை மூடிய அன்று அந்த ஸ்பேனர்களை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தார்.

நேற்று, டிரில் பிட் வாங்க வந்ததை மறந்து, கண்ணை மூடி, எம்.கே.பி. நகர் கடையில் கிடந்த ஸ்பேனர் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். பன்னெண்டு-பதிமூணுதான், சந்தேகமே இல்லை.

கண்ணைத் திறந்தால் பதினாலு-பதினஞ்சு.