ரண்டர்சுக்குச் சித்தப்பா போகாத பயணம்

எங்கள் சித்தப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்கள் பலருக்கு அவர் ‘சின்னம்மாவின் வெள்ளைக்காரன்’. டென்மார்க்கின் ஒடென்சே நகர வீட்டில் அவர் கையால் தேநீர் குடித்தவர்களுக்குக்கூட, அவர் ஒரு காலத்தில் பிரித்தானிய அணிக்காக ஐஸ் ஹொக்கி ஆடியவர் என்பது தெரியாது.

சித்தப்பா லண்டனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இரவல் சறுக்குச் சப்பாத்தில் பழகினார். அக்காலத்தில் அங்குள்ள கழகங்கள் கனடாக்காரர்களைத்தான் கூப்பிட்டு ஆடவைத்தன. உள்ளூர்ப் பிள்ளைகள் வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான். சித்தப்பா அரங்கில் பனித்தரையைச் சுரண்டிச் சமப்படுத்தும் வேலை பார்த்தபடியே விடாப்பிடியாக அணிக்குள் நுழைந்தார். தலைக்கவசம் கிடையாது, முன்பற்கள் மூன்று போயின. “உங்கடை சின்னம்மா முதல்முதல் சிரிக்கேக்கை, திருப்பிச் சிரிக்க எனக்கு வெக்கமாயிருந்தது” என்பார். லண்டனில் தாதியாக இருந்த சின்னம்மாவிடம் பழகிய தமிழ் அது.

ஆட்டத்தைக் கைவிட்ட காரணத்தை என்னிடம் மட்டுமே சொன்னார். டென்மார்க் அணியோடு நடந்த ஒரு போட்டியில், அவர் ஓங்கிய மட்டை எதிரணி இளைஞர் ஒருவரின் கண்ணைப் பறித்துவிட்டது.

“தண்டனையெண்டு கொஞ்ச நிமிசம் வெளியிலை இருத்தினாங்கள். பிறகு போய் விளையாடினன், தம்பி. வெண்டும் விட்டம்.”

அதன்பின் அவர் மட்டையைத் தொடவில்லை. ஓய்வுபெற்றதும் டென்மார்க்கில் குடியேறியது அந்த மனிதரைத் தேடித்தான். அவர் ரண்டர்ஸ் நகரில் இருப்பதைக் கண்டுபிடித்தும், பத்து வருடமாக அவர் வாசலுக்குப் போகச் சித்தப்பாவுக்குத் துணிவு வரவில்லை.

நான் அகதியாக வந்து அவர்களோடு தங்கிய மறுவருடம், ஒருநாள் காலை சித்தப்பா கேட்டார்: “நாளைக்கு என்னோடை ரண்டர்சுக்கு வாறியே? தனியப் போனால் பாதியிலை திரும்பிவிடுவன்.”

அப்பா ஊரில் காலமானதாகத் தந்தி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. “துடக்கு, சித்தப்பா. முப்பத்தொரு நாள் கழியாமல் ஆரின்ரை வீட்டுக்கும் போகக்கூடாது” என்றேன்.

“ஓம், அப்பாவின்ரை காரியம் பெரிசு. பொறுப்பம்” என்றார்.

துடக்கின் இருபதாம் நாள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. என் மடப்புத்தியை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நல்லடக்கத்தின் மறுநாள், சித்தப்பா குறித்துவைத்திருந்த முகவரியோடு, துடக்கோடேயே ரண்டர்ஸ் போனேன். ஒற்றைக்கண் முதியவர் கதவைத் திறந்து என்னை உள்ளே இருத்தினார். தெரிந்த அரைகுறை டேனிஷில் சித்தப்பா யார் என்பதையும் அவர் இறந்ததையும் சொன்னேன்.

“உயிரோடு இருக்கையில் ஏன் அவர் வரவில்லை?” என்று கேட்டார்.

“வரத்தான் இருந்தார். நான் மறித்துவிட்டேன்.”

“அவர் ஒடென்சேயில் இருப்பது எனக்குத் தெரியும். அவர் வாயால் கேட்கத்தான் இவ்வளவு காலம் இருந்தேன். நீர் சொல்லி எனக்கு என்ன?” என்றார்.

சித்தப்பாவின் இறுதி நாளில் ஓடிவந்த அயலவர்களுக்கும், ஒரு வாரம் சமைத்துக் கொண்டுவந்த ஒடென்சேத் தமிழ்க் குடும்பங்களுக்கும், புரொண்பியிலிருந்து வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. என்னை உள்ளே இருத்திக் கேட்ட அந்த ரண்டர்ஸ் பெரியவருக்கும் நன்றி.

பின்னர் எல்லாம் அறிந்த சின்னம்மா, “அந்த மனுசன் மன்னிச்சவரோ?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஓம் என்றே சொல்லிவந்தேன். அது பொய், சின்னம்மா. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல்தான் இந்த நினைவுமடலில் எழுதுகிறேன்.