ஒரு நாள் மாமியார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பதினைந்து வயதாகும் என் மகள் தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு விக் செய்யக் கொடுத்துவிட்டாளாம். அவளுடைய நீச்சல் டீம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம். பெருமைப்பட வேண்டிய தாய் என்ன செய்தேன் என்று கேளுங்கள். சோபாவில் கிடந்த துவாயை எடுத்து அவள் தலையை மூடினேன். பிளைண்ட்ஸை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டினேன். டெக்சாஸில், ஆலனில், பட்டப்பகலில். எதிர்வீட்டுக்காரர் பாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அவள் அழுதுகொண்டே மாடிக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருக் கோயம்புத்தூர்த் தோழி இட்லி மாவோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்தாள். "அட, முடிதானுங்க்கா, வளந்துரும். இதுக்குப் போயி இவ்ளோ டென்ஷன் ஆவாங்களா? தீபாவளி ப்ரோக்ராமுக்கு சவுரி வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றாள். நல்ல மனுஷி. இங்கே எல்லோருக்கும் நான் 'சிலோன்காரங்க', அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் நான் சொன்னதில்லை, மகளுக்கும்கூட.

அவள் போனதும் மாடிக்குப் போய்க் கட்டிலில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

அவளுடைய வயதில்தான் என்னை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். முதல் வேலையாக முடியை வெட்டினார்கள். ஓடிப்போனாலும் கட்டை முடியை வைத்து எங்களைக் கண்டுபிடித்துவிடலாம். நாலு வருடம் பங்கர் வெட்டினேன், குண்டுப் பெட்டி சுமந்தேன், துவக்குப் பிடித்தேன். என் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை ஒரு நாள் காலையில் எழும்பவில்லை. கடைசியில் எல்லாம் சிதறியபோது எங்கள் பொறுப்பாளர் அக்கா, "உடுப்பை மாத்திப்போட்டு சனத்தோட சனமா ஓடுங்கோ" என்றார். சயனைட் குப்பியைக் கழுத்திலிருந்து அறுத்துக் கடலேரியில் எறிந்தேன். உடுப்பை மாற்றலாம், முடியை என்ன செய்வது?

ஆமியின் சோதனை வரிசையில் கட்டை முடிப் பெண்களை எல்லாம் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா, முன்பின் தெரியாதவர், தன் சேலைத் துண்டால் என் தலையை மூடினார். பிறகு தன் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் கிடந்த தாலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். கலியாணம் கட்டியவர்களை இயக்கம் பிடிப்பதில்லை என்பது ஆமிக்கும் தெரியும். நான் பதறிப்போய், "ஐயோ, உங்கட அவர்..." என்றேன்.

"அவர் முந்தாநாள் போயிட்டார், பிள்ளை. எப்பிடியும் கழட்டத்தானே வேணும்."

எங்கள் முறை வந்தது. துண்டு விலகி முடி தெரிந்துவிட்டது. மொழிபெயர்க்க நின்ற ஆள் கேட்கும் முன்பே அந்த அம்மா தொடங்கிவிட்டார். "என்ர மருமோள். நெருப்புக் காய்ச்சல் வந்து மயிரெல்லாம் கொட்டிப்போச்சு, அதுதான் வெட்டினது. சொன்னா மருந்து குடிக்கிறாளோ? வாய்க்காரி." திட்டிய திட்டில் சிப்பாய்க்கே என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அப்பால் பஸ்கள் நின்றன. என்னை ஒன்றில் ஏற்றினார்கள், அவரை இன்னொன்றில். பெயர்கூடக் கேட்கவில்லை. முகாமில் எவ்வளவு தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்தத் தாலி இன்றும் என் கொடியில் என்னுடையதோடு சேர்ந்து கிடக்கிறது. கணவனை இழந்தவளின் தாலி ஆகாது என்பார்கள். எனக்கு அதைவிட ராசியான பொருள் உலகத்தில் இல்லை.

மகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவருக்கு நன்றி சொன்னீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஸ்கூல் பஸ் டிரைவருக்கே தினமும் தாங்க்யூ சொல்லி வளர்ந்த பிள்ளை.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பஸ் வரைக்கும் ஆமி பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் எந்த மருமகள் மாமியாருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்? நன்றி என்பது அந்நியருக்குச் சொல்வது. அந்த ஒரு சொல்லே எங்கள் இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, கோபித்த மருமகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். இத்தனை வருடமும் என்னை அரிப்பது அதுதான்.

மகள் தாலியை மெல்ல என் நெஞ்சில் விட்டாள். பிறகு தமிழிலேயே, சொல் சொல்லாகத் தேடிச் சொன்னாள். "இப்ப சொல்லுங்கோம்மா. இங்க ஒருத்தரும் பாக்கேல்ல."

அந்தத் தாலியைக் கையில் பொத்திக்கொண்டேன். பிறகு சொன்னேன்.