லோடு வண்டிக்காரனுக்கு எதுக்குடா விண்வெளி சூட்டு

பூந்தமல்லியில அரிசி மூட்டை எறக்கிகினு இருந்தேன். "தாமு போய்ட்டான்"னு வண்டி ஸ்டாண்டு வாட்ஸப் குரூப்புல கோபி போட்டான். காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில படுத்தவன், எந்திரிக்கவே இல்ல. மூட்டை மேலயே குந்திட்டேன்.

நான் சேக்காட்டுல அவன் ஊட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தெருமொனையில கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிட்டீங்க. விண்வெளி வீரர் சூட்டு, அதுக்கு மேல தாமு தலை. ஸ்டாண்டுல கீற உங்களுக்குத்தான் இத எழுதறேன்.

அவன் குட்டி யானை லோடு வண்டி ஓட்டினவன்டா. ராக்கெட்டு பைத்தியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஆளு போற ராக்கெட்ட அவன் என்னிக்கு பாத்தான்? விண்வெளி நிலையத்துக்கு சோறு, தண்ணி கொண்டுபோற ஆளில்லாத சரக்கு வண்டி, அத மட்டும்தான் போன்ல லைவா பாப்பான். அது போய் நிலையத்துல ஒட்டிக்கிற வரைக்கும் சவாரி எடுக்க மாட்டான். "டிரைவரே இல்லாத வண்டிக்கு நீ ஏன் மச்சான் டென்சனாவுற?"ன்னு கலாய்ச்சேன்.

"மாமே, மேல துணி தொவைக்க வழி கெடையாது. ஜட்டி மொதக்கொண்டு இதுலதான் போவுது. எல்லாத்தையும் எறக்கிகினு, குப்பையும் அழுக்குத்துணியும் ஏத்தி, முக்காவாசி வண்டிய வர்ற வழியிலயே எரியவுட்றான். மேல போனவனுக்கு மாலை. இதுக்கு இன்னா?"

சிரிக்காமத்தான் சொன்னான்.

ஒருவாட்டி முகப்பேர்ல, நாலாவது மாடிக்கு பிரிட்ஜு. லோடுக்கு லிப்ட் கெடையாதுன்னான் வாட்ச்மேன். தாமு பிரிட்ஜ கேட்டாண்ட வெச்சிட்டு, "அண்ணாத்தே, விண்வெளியிலயே லோடு வண்டி வந்தா கதவ தொறக்கறான். நீ இந்த லிப்ட்ட தொறக்க மாட்டியா?"ன்னான். வாட்ச்மேனுக்கு சிரிப்பு வந்துடுச்சி. தொறந்துட்டான்.

அவனுக்குத்தான் சூட்டு மாட்டினீங்க. "கழட்டுடா"ன்னேன். "கெத்தாத்தான கீறான்? குட்டி யானைய போட்டா எவன் பாப்பான்?"ன்னான் கோபி. அதுக்குள்ள தாமு சம்சாரம் செல்வி வெளிய வந்து பேனரயே பாத்துகினு நின்னுச்சி.

"தலை இவருது. ஒடம்பு யாருது, கோபி?"

நான் பேனர கையாலயே கிழிச்சேன்.

எழவு ஊட்டுல ரவுடித்தனம் பண்ணேன்னு குரூப்புல போட்டுகினு கீறீங்க. போடுங்க. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமை படத்தெறப்புக்கு, காக்கி சட்டையில வண்டிக் கதவுல சாஞ்சிகினு அவன் நிக்கிற படத்த நான் எடுத்தாறேன். அதத்தான் தொறக்கணும்.

அவன்கிட்டேர்ந்து என்கிட்ட தங்கினது ஒன்னு கீது. இப்பல்லாம் டீ கொண்டாறவன் மூஞ்சிய நிமிந்து பாத்துட்டுதான் கிளாச வாங்கறேன்.