சொம்புக்குள் கேன் தண்ணீர்

என்னை நம்பியவர்களை ஏமாற்றினேன். ஒரு சொம்புத் தண்ணீரால் ஏமாற்றினேன்!

சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துத் தொலையுங்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் மணப்பட்டில் பழைய வழக்கம்தான்.

எங்கள் கிழக்குவெளி வயல்களில் நான்கு போர்கள், அதாவது ஆழ்துளைக் கிணறுகள். கடலுக்கு மிக அருகில் இருப்பது என்னுடையது. பூமிக்கடியில் கடல் உள்ளே நுழைந்தால் முதலில் கரிப்பது என் தண்ணீர்தான். ஆகவே ஒவ்வோர் அமாவாசைக் காலையிலும் மற்ற மூவரும் என் மோட்டார் கொட்டகைக்கு வருவார்கள். நான் முதல் வாய் குடித்துச் சொல்ல வேண்டும். "கரிக்குது" என்றால் அன்றே நான்கு மோட்டார்களும் நிற்கும். நல்ல தண்ணீர் ஊறும்வரை எவரும் இறைக்கக் கூடாது. இது எங்களுக்குள் பேச்சு.

என் நாக்கை நம்பி நான்கு குடும்பங்கள்! என் மனைவியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வேளாண் அலுவலர் ஒருவர் வந்து எச்சரித்தார். ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டிக் கடலுக்கு ஓடிவிடுகிறது. துருவத்தில் பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு, தாண்டிவிட்டால் திரும்ப வழியில்லை என்றார். நான் விடுவேனா?

"ஐஸ் உருகுனா இன்னா சார்? நல்லவாட்டுல மீன் எறக்குற எடத்துல பொட்டி பொட்டியா கெடக்குது. அனுப்பி வெக்கட்டுமா?"

கூட்டம் சிரித்தது. பாவம், அவரும் சிரித்தார்.

எல்லை என்றால் ஏதோ பலகை நட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்...

அடுத்து வந்த அமாவாசைக்கு முதல் நாள் தனியாகக் குடித்துப் பார்த்தேன். கரித்தது. லேசாகத்தான்... ஆனால் கரித்தது! என் நெல்லோ பால் பிடிக்கும் பருவம். இன்னும் இரண்டே தண்ணீர் பாய்ச்சினால் அறுவடை. நிறுத்தினால் எல்லாம் பதர்.

மறுநாள், கடையில் வாங்கிய கேன் தண்ணீரை ஒரு சொம்பில் நிரப்பி ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மோட்டாரில் பிடித்த சொம்பை அங்கே வைத்துவிட்டு, இதை எடுத்து நீட்டினேன்.

பக்கத்து நிலத்துச் சரசு அக்கா குடித்துவிட்டுக் கண்ணை அகல விரித்தாள். "இன்னா தம்பி, இன்னிக்கு இவ்ளோ நல்லாயிருக்குது?"

"கடலம்மா சக்கரை போட்டுட்டா யக்கா!"

அதை நம்பி மறுநாளே அவள் நடவு நட்டாள்.

என் நெல் களத்துக்கு வந்தது. அதே வாரம் நான்கு போர்களும் கரித்தன. கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, யாரோ மதகைத் திறந்துவிட்டதைப் போல! மோட்டார்களை நிறுத்தினோம். ஒரு மழைக்காலமும் வந்து போயிற்று. இனிப்பு திரும்பவே இல்லை. அக்காவின் பயிர் நுனியிலிருந்து வெளுத்துக் கருகிப்போனது.

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீ இன்னாடா பண்ணுவ? கடல் ஒரே நாள்ல பூந்துட்டுது."

நான் தலையாட்டினேன். ஆம்... தலையாட்டினேன்!

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றா நினைத்தீர்கள்? இல்லை! "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நீங்கள் எதற்குமே சொன்னதில்லையா? சொன்னதில்லை என்றால் வாருங்கள், என்னைத் தண்டியுங்கள். வரிசை நீளாது என்று தெரியும்.

போன வருடம் அக்கா மேற்கே தள்ளிக் குத்தகை நிலத்தில் புதுப் போர் போட்டாள். அந்தப் பக்கத்தில் கடலுக்கு மிக அருகில் இருக்கும் போர் அதுதான். ருசி பார்க்க என்னையே அழைத்தாள்! இன்று காலை குடித்தேன். லேசாகக் கரித்தது. அவள் நெல் இப்போது பால் பிடித்திருக்கிறது.

"நிறுத்து யக்கா, கரிக்குது" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று சிரித்தாள். மோட்டார் ஓடாதபடி அதன் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அவள் என் வாசலில் நிற்கிறாள்.

"டேய், கட்டையக் குடுறா! ஒரே ஒரு தண்ணி!"

"தர மாட்டேன் யக்கா."

"அன்னிக்கு உன் பயிருக்கு இனிச்சுது... இன்னிக்கு என் பயிருக்கு மட்டும் கரிக்குதா?"

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் என் நாக்கை எவர் நம்புவார்? மோட்டார் ஓடும், இந்த நீரும் போகும். இது காரணமா, சாக்கா? எனக்கே விளங்கவில்லை.

பாகூர் கடையில் புதுக் கட்டை கிடைக்கும். வாங்கி மாட்டட்டும், அதையும் பிடுங்குவேன்!

அவள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் இதை எழுதுகிறேன்.