அரை மணி நேர வைஃபை

என் மகளுக்குத் திருச்சியில் இன்ஜினியரிங் சீட் ஒதுக்கியிருப்பதாக மெசேஜ் வந்த அன்று நவமி. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் தெரிவிக்காவிட்டால் சீட் போய்விடும். இப்பவே அழுத்திவிடுகிறேன் என்றாள். நவமியில் நல்ல காரியம் தொடங்குவார்களா யாராவது என்று போனைப் பிடுங்கி வைத்தவள் நான்தான். மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலையில் எமகண்டம். அது கழியட்டும் என்றேன். பிறகு திருவிழா வேலை வந்து சேர்ந்தது.

அன்று எங்கள் ஊரில் மது எடுப்பு. குடத்தில் நெல்லை நிரப்பி, மேலே தென்னம்பாளையை வைத்து, பெண்கள் தலையில் சுமந்து அம்மன் கோயிலுக்குப் போவோம். சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் வந்து நின்று, ஆளுக்கொரு வீடியோ கால் போட்டுச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் காட்டினால் ஒற்றை டவர் என்ன செய்யும்? மூன்று மணிக்கே போனில் நெட் செத்துவிட்டது. அறந்தாங்கிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் செய்யலாம் என்றால், எங்கள் வீட்டில் மூன்று பேர் கையிலும் காப்பு. காப்புக் கட்டியவர்கள் குடம் இறக்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பொது வைஃபை உண்டு. ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இலவசம். மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். நம்பரைப் போட்டதும் ‘இன்றைய நேரம் முடிந்தது’ என்று வந்தது. போன் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, காலையில் அந்த அரை மணி நேரத்தையும் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்குக் குடத்தையும் பாளையையும் என் புதுப் புடவையையும் காட்டியே தீர்த்திருந்தேன். வீட்டில் இருக்கும் இன்னொரு போன் என் வீட்டுக்காரருடைய பட்டன் போன். மகள் திரும்பத் திரும்ப அதே நம்பரைப் போட்டுப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அங்கே நின்றவர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லாரும் என்னைப் போலவே தீர்த்துவிட்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் தன் அரை மணி நேரத்தைத் தொடாமல் போனைக் கையில் வைத்திருந்தாள். தெற்குத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை, புதுச் சட்டையும் திருஷ்டிப் பொட்டுமாக. புருஷனுக்குக் கப்பலில் வேலை, பிள்ளையை இன்னும் நேரில் பார்த்ததில்லை. நாலரை மணிக்கு வீடியோ காலில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தானாம். ஐந்து மணிக்குக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் இருபது நாளைக்கு சிக்னல் கிடையாதாம். எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனைக் கேட்டேன்.

“ஏத்தா, ஒன் போனக் கொஞ்சம் குடு. அஞ்சே நிமிஷம். பிள்ள படிப்பு போயிரும்.”

மணி நாலு இருபத்து நாலு. இடுப்பிலிருந்த பிள்ளையை ஒரு தரம் பார்த்தாள். “அவுக கூப்புடுறதுக்குள்ள குடுத்துருங்கக்கா” என்று நீட்டினாள்.

வைஃபை கிடைத்தது. பக்கம் மெல்லத் திறந்தது. ஓடிபி மட்டும் என் நம்பருக்கு வர வேண்டும், வரவில்லை. மறுபடி கேட்டோம். அந்தக் கூட்டத்தில் எஸ்எம்எஸ்கூட முண்டியடித்துத்தான் வர வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது.

நாலரைக்கு அவளுடைய போன் அடித்தது. அவன்தான். மகளின் விரல் நின்றுவிட்டது. “எடுத்தா பேஜ் போயிரும்மா” என்றாள். நான் யோசிக்கவே இல்லை. கையை நீட்டிக் கட் செய்தேன். திரும்ப அடித்தது. திரும்பவும் கட் செய்தேன். மூன்றாம் முறையும் நான்தான். போன்காரி தடுக்கவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நாலு நாற்பத்தெட்டுக்கு ஓடிபி வந்தது. நான் வாசிக்க வாசிக்க மகள் அடித்தாள். சுற்றிச் சுற்றி ஒரு வழியாக ‘உறுதி செய்யப்பட்டது’ என்று வந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. மகள் என் தோளில் சாய்ந்து விசும்பினாள். எங்கள் இரண்டு வீட்டு வகையறாவிலும் காலேஜ் வாசலை மிதிக்கப் போகும் முதல் பிள்ளை அவள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

போனைக் கொடுத்தேன். அவள் அவசரமாகக் கூப்பிட்டாள், பிள்ளையைத் தூக்கிப் பிடித்தபடி. மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். அதற்குள் ‘இன்றைய நேரம் முடிந்தது’ என்று வந்துவிட்டது.

நாளைக்கு என் நேரத்தை நீ எடுத்துக்கொள் என்று என்னவோ உளறினேன். நாளைக்கு அவன் நடுக்கடலில் இருப்பான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் கோபப்படவில்லை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது அழைப்பைக் கட் செய்த பிறகு அவன் அனுப்பியிருந்தான்.

“ஏன் கட் பண்ற? எம்மேல கோவமா?”

கீழே, இல்லை என்று அவள் அடித்த பதில் போகாமல் நின்றது.