அத்தையின் வரிகளுக்கு நான் வாங்கிய பரிசு

ஆறாம் வகுப்பு படிக்கும்போது கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு சான்றிதழ், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அந்தக் கட்டுரை நான் திருடியது என்பது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி அப்பாவின் அக்கா.

அத்தையைத் திருப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் இரண்டாவது படித்த வருடம், ஒரு சூட்கேசோடு கோட்டையூர் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், திரும்பிப் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எழுதினாள்.

உரக்கடையில் புத்தாண்டுக்கு அப்பாவுக்குக் கொடுத்த டைரி அது. மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுவாள். அதற்கு மேல் ஒரு வரி போகாது. "என்னத்த எழுதுறீக அத்த?" என்று கேட்டால், "சும்மா கிறுக்குறேன்த்தா" என்பாள். பிறகு டைரியைச் சூட்கேசில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிடுவாள். அந்தச் சூட்கேசின் பூட்டு ரொம்ப நாளாகவே பழுதாகித்தான் இருந்தது.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு 'எங்கள் வீடு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். முந்தின வருடம் பரிசு வாங்கியவள் செத்துப்போன தன் பசு மாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். எங்கள் வீட்டில் மாடு இல்லை, யாரும் சாகவும் இல்லை. அழ வைக்க எதுவுமே இல்லாத வீட்டில் பிறந்துவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. அப்போதுதான் டைரி நினைவுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை, அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது சூட்கேசைத் திறந்தேன். நான் தேடிப்போனது முதல் சில பக்கங்களிலேயே கிடைத்துவிட்டது.

'இந்த வீட்டுக் கொடியில் எல்லார் துணியும் காய்ந்த பிறகுதான் என் சேலைக்கு இடம்.'

'சாப்பிட்டாயா என்று என்னை யாரும் கேட்பதில்லை. குழம்பு மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.'

இப்படி ஏழெட்டு வரிகள். 'என்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'எங்கள் அத்தையின்' என்று மாற்றினேன். என் பங்குக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

விழாவில் மேடையேறி மைக்கில் வாசித்தேன். நினைத்தபடியே டீச்சர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கீழே, எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கையில் செல்லைத் தூக்கிப் பிடித்து என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சமும் இறங்கவில்லை. கடைசிவரை எடுத்தாள்.

ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

சோறு வடிக்க வேண்டும் என்று அத்தை விழாவுக்கு வரவில்லை. டிபன் பாக்ஸைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடிவந்து என் கன்னத்தை வழித்தாள். "எங்க, அத்தைக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டு ஆத்தா" என்று சொல்லிவிட்டு, புடலங்காயையும் அரிவாள்மணையையும் முன்னால் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள்.

அப்படியே படித்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் கொடியைத் தாண்டினேன், குழம்பைத் தாண்டினேன். 'எங்கள் வீட்டில் நால்வர் இருக்கிறோம், எங்கள் வீடு அழகானது' என்று வாய்க்கு வந்ததைச் சேர்த்து அரை நிமிடத்தில் முடித்தேன்.

"நல்லாருக்கே!" என்றாள் அத்தை.

நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா, "அது இல்ல மதினி. முழுசாக் கேளுங்க" என்று செல்லை அத்தையின் முன்னால் தரையில் வைத்து வீடியோவைப் போட்டாள்.

என் குரல் அடுக்களை முழுவதும் கணீரென்று கேட்டது. நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு அவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறேன். முதல் வரியிலேயே அத்தையின் கை நின்றுவிட்டது. கைதட்டல் ஓயும்வரை அவள் தலை நிமிரவில்லை.

"பதினோரு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானா வருமா? நீங்கதானே எழுதிக் குடுத்தீக?" என்றாள் அம்மா.

அத்தை என்னைப் பார்த்தாள். 'இவள் திருடினாள்' என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் கண்ணால் கெஞ்சினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஆமாத்தா, நாந்தான். பிள்ளைக்குப் பரிசு கெடைக்கட்டுமேன்னு கொஞ்சம் கூட்டி எழுதிப்புட்டேன். மனசுல வச்சுக்கிராத."

அம்மா குனிந்து செல்லை எடுத்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் அம்மா கொல்லையில் அத்தைக்கென்று தனியாக ஒரு கொடி கட்டினாள். புது நைலான் கயிறு. அன்றிலிருந்து மூன்று வேளையும், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "சாப்டீகளா மதினி?" என்று கேட்டாள். கட்டுரையில் இல்லை என்று எழுதியதெல்லாம் அத்தைக்குக் கிடைத்தது. அவள்தான் நாளுக்கு நாள் இளைத்துப்போனாள்.

மதியங்களில் படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சூட்கேசில் டைரி இல்லை. பார்த்தேன் என்பதைச் சொல்லக் கூசுகிறது. அதற்குப் பிறகும் திறந்து பார்த்தேன்.

ஒருநாள் பக்கத்தில் போய், "எம்மேல கோவமா அத்த?" என்று கேட்டேன்.

"கோவம் இருக்குத்தா. இனிமே அத எங்குட்டு வைக்கிறதுன்னுதான் தெரியல."

டைரியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "பரண்ல வைங்க, எனக்கு எட்டாது" என்றேன். அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மன்னித்துவிட்டாள் என்று நானாக முடிவுசெய்துகொண்டு விளையாடப் போய்விட்டேன்.

ஐப்பசியில், ஒரு டம்ளர் கைதவறி விழுந்ததற்கு அத்தை அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். அவள் கத்தி அதற்கு முன் நாங்கள் கேட்டதே இல்லை. அம்மாவும் விடவில்லை. அப்பா நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கும்பிட்டார். தை பிறந்ததும் அத்தை காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போய், அவர்கள் கொடுத்த விடுதியிலேயே தங்கிக்கொண்டாள். கல்யாண வீடுகளில் பார்த்தால் இன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கிறாள். அம்மாவிடம் உண்மையை நான் இன்னும் சொல்லவில்லை.

போன வருடம் அலுவலகத்தில் ஒருவரோடு பெரிய மனத்தாங்கல். தாங்க முடியாமல் ஒரு நோட்டை எடுத்து அவரைத் திட்டி எழுத ஆரம்பித்தேன். பக்கம் நிறைவதற்குள், அவர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பதையும் நானே எழுதியிருந்தேன். பேனா நின்றுவிட்டது. ஏனென்றால், இப்படி முடிகிற பக்கங்களை நான் முன்பே படித்திருக்கிறேன்.

கொடியைப் பற்றி எழுதிய அதே பக்கத்தின் அடியில் அத்தை எழுதியிருந்தாள்: 'அவளுக்கும் முதுகுவலி. விடியுமுன் துவைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறாள். நாளைக்கு நானே துவைத்துவிட வேண்டும்.' குழம்பு வரிக்குக் கீழே: 'அவள் மட்டும் என்ன, மிச்சத்தைத்தானே சாப்பிடுகிறாள்.' ஒவ்வொரு பக்கமும் அப்படித்தான் இருந்தது. மேலே கோபம், அடியில், அம்மாவுக்குச் செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேலை. அந்த அடிப்பகுதிகளை எல்லாம் நான் படித்தேன். அழுகை வரவழைக்காது என்று விட்டுவிட்டேன்.