தாவாத ராஜா

எங்கள் அக்கா தேவமணி திருத்தங்கலில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லி அனுப்பிவிடுவாள். காரணம் தெருவுக்கே தெரியும்: அத்தை மகன் நேசகுமார். 1957இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன மனுஷன், அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்குப் போடும் மெஷினோடு வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

போவதற்கு முன் அத்தான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதினார். மேகம் கூடினால் காயப்போட்ட சரக்கை அள்ளிவைத்துவிட்டு வேலையை நிறுத்திவிடுவார்கள். அவர் நேரே எங்கள் வீட்டுக்குச் செஸ் ஆட வந்துவிடுவார். அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள் தாளின் பின்பக்கம்தான் பலகை. எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு சலுகை உண்டு. செக் வாங்காத ராஜா, ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவிக்கொள்ளலாம். தோற்கப்போகும்போதெல்லாம் ராஜாவைத் தாவவிட்டு அக்காவைச் சீண்டுவார் அத்தான். அவர் போன பிறகும் மேகம் கூடினால் அக்கா வாசலைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும், பாவமாகவும் இருக்கும்.

அறுபத்து மூன்றில் அத்தான் எழுதினார். அந்த மெஷின் இப்போது செஸ் புதிரும் அவிழ்க்கிறதாம். இரண்டு நகர்த்தலில் மேட் என்றால் கண்டுபிடித்துவிடுமாம். ஆறு நகர்த்தல் என்றால் வழிகள் பெருகிப் பெருகி, ஆயுசுக்கும் ஓடினாலும் முடிக்காதாம்.

அக்கா அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு புதிர் கட்டினாள். கறுப்பு ராஜா என்ன செய்தாலும் ஆறாவது நகர்த்தலுக்குள் மேட். "மெஷினால ஆகலைன்னா நீங்கதான் நேர்ல வந்து போட்டுக் காட்டணும்" என்று எழுதி அனுப்பினாள். அவர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால் கல்யாணப் பேச்சு தானாகக் கூடிவந்துவிடும் என்பது அவள் எண்ணம். வேறு எப்படித்தான் கேட்பாள், பாவி மகள்!

மறு கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தார். அக்கா காலையிலேயே பலகையை விரித்துக் காய்களை வைத்துவிட்டாள்.

"வாங்க அத்தான், சாப்பிட்டீகளா?"

"ஆச்சு மணி. ஒம் புதிர மெஷினு சட்டுனு முடிச்சிருச்சு. ஆறு எதுக்கு? ரெண்டே நகர்த்தல்!"

அவரே வெள்ளை யானையை நகர்த்தினார். கறுப்புக்காக ஒரு சிப்பாயைத் தள்ளினார். மறுபடியும் யானை. மேட்.

அக்கா பலகையையே பார்த்தாள். "ராஜா இன்னும் தாவலையே அத்தான்."

"தாவுறதா? ராஜா எங்கன தாவும்?" என்று சிரித்தார். கேலி இல்லை, நிஜமாகவே மறந்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "மெஷினுக்கு நம்ம ஊரு ஆட்டம் தெரியாது, சரி. ஒங்களுக்குமா தெரியாது?" என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா இரு ஜோதி. அத்தானுக்குக் காப்பி கொண்டா" என்றாள் அக்கா.

காப்பி குடித்தபடி அங்கே வீடு வாங்கப்போவதைப் பற்றிப் பேசினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அக்கா காய்களைத் திரும்ப வைத்தாள். "நீ கறுப்பு. ராஜாவத் தாவ விடு" என்றாள். விட்டேன். அவள் துரத்தினாள், அவள் காட்டிய இடமெல்லாம் நான் ஓடினேன். ஆறாவது நகர்த்தலில் மேட்.

"பாத்தியாடி, ஆறு இருக்கத்தானே செய்யுது?" என்று கேட்டுவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

அதற்குப் பிறகு மேகம் கூடினால் அக்கா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிடுவாள்.